அழுத்தாத பூட்டு

எங்கள் சோப்புக் கம்பெனியில் சனிக்கிழமை காலைக் கூட்டத்துக்கு நல்ல பிஸ்கட்டாக வாங்கி வைப்பார்கள், ஐயா. அதற்காகவே நான் பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். கூட்டம் என்னவோ எனக்குப் பிடிக்காது.

இயந்திரப் பழுது பார்ப்பவர்கள் நாங்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் தான் செய்த ஒரு தப்பையும் அதிலிருந்து கற்றதையும் சொல்ல வேண்டும். புது மேனேஜர் கொண்டுவந்த ஏற்பாடு. என் முறை வந்தால், "ஒண்ணும் இல்லைங்க சார்" என்று உட்கார்ந்துவிடுவேன். உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. இருபத்திரண்டு வருடத்தில் நான் முடுக்கிய ஒரு நட்டு கழன்றது என்று யாரும் சொன்னதில்லை.

"ஒண்ணுமே இல்லையா? வீட்ல கண்ணாடியாவது இருக்கா?" என்று ஒருநாள் மேனேஜர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கை புருஷனும் சிரித்தார்.

அவரை அந்தக் கம்பெனிக்குக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவனே நான்தான். ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். தப்பு செய்வதில் மாப்பிள்ளைக்கு ஒரு வாரம்கூடத் தவறாது. ஆனால் அதை அவர் எழுந்து நின்று சொல்லும் அழகு இருக்கிறதே, தன்னைத் தானே வாரிக்கொண்டு கூட்டத்தையே சிரிக்க வைத்துவிடுவார். மேனேஜர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஃபோர்மேன் வேலை காலியானபோது அதையும் அவருக்கே கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்றால் நீங்களும் நம்பமாட்டீர்கள்.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஆறுதலாகத்தான் பேசினார். "வேலையில உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா அடுத்தவங்ககிட்ட இருந்து எதையும் கத்துக்க மாட்டேங்கறீங்க. உங்க மாப்பிள்ளையப் பாத்துக் கத்துக்குங்க" என்றார்.

மேலே இருப்பவர் சொன்னால் தட்டாதவன் நான். அன்றிலிருந்து மாப்பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கலக்கும் தொட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். உள்ளே இரும்புத் தகடுகள் சுழன்று சோப்புக் குழம்பைக் கலக்கும். தகடு தேய்ந்தால் ஒருவர் மேல்வாய் வழியாக இறங்கித்தான் மாற்ற வேண்டும். இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அவரே வந்து திறக்கும்வரை வேறு யாராலும் சுவிட்சைப் போட முடியாது. வெளியே துணைக்கு ஒருவர் நிற்க வேண்டும் என்பதும் சட்டம்.

போன மாதம் ஒரு கூட்டத்தில் மாப்பிள்ளை எழுந்தார். "இந்த வாரம் பெரிய தப்புங்க. பூட்டை மாட்டினேன், அழுத்த மறந்துட்டேன். அது பாட்டுக்குத் திறந்து தொங்குது, நான் உள்ள உக்காந்து பாட்டுப் பாடிட்டிருக்கேன். யாராவது பேச்சுக் கொடுத்தா எனக்குக் கை நின்னுடுது. இனிமே நான் பூட்டு போடறப்ப தயவுசெஞ்சு யாரும் பேசாதீங்கப்பா" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கூட்டத்தில் முதல் முறையாக எனக்குக் கற்றுக்கொள்ள ஒன்று கிடைத்திருந்தது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. தகடு மாற்ற அவர் இறங்க வேண்டும், துணைக்கு நான். அவர் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, "காலைல தங்கச்சி கண்ணு செவந்திருந்துச்சே, வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. "சண்டையா? ஐயோ மச்சான், வெங்காயம் உரிச்சிருப்பா. அவகிட்ட சண்டை போட எனக்குத் தைரியம் ஏது?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏறி உள்ளே இறங்கிவிட்டார். பூட்டை அழுத்தவில்லை.

அப்போதே நான் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்வது மனதில் தங்காது, பட்டால்தான் தங்கும். தவிர, அவர் ஃபோர்மேன். ஃபோர்மேனுக்குப் பாடம் எடுக்க நான் யார்?

பூட்டைக் கழற்றித் தரையில் வைத்தேன். சுவிட்சை மேலே தள்ளினேன். அந்தச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"மச்சான், இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார்.

"இருக்கேன் மாப்பிள்ளை. இங்கதான் இருக்கேன்" என்றேன்.

பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பத்துவரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். ஸ்டோருக்குப் போய் ஒரு ஸ்பானரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள், பூட்டைச் சரியாகப் பூட்டாதது செத்தவருடைய தப்பு என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னண்ணே சொன்னாரு?" என்று கதறினாள். "என்னைத்தாம்மா கூப்பிட்டாரு" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் எழுந்து நின்றேன். துணைக்கு நிற்க வேண்டியவன் ஸ்பானர் எடுக்கப் போனது என் தப்பு என்று சொன்னேன். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு பேர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

பிறகுதான், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சோப்பு அடுக்கும் அக்கா உங்களிடம் வந்து, தொட்டி ஓடத் தொடங்குமுன் என் குரலைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரிதான். என் தங்கையின் புருஷனை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

செய்ததை ஒரு நிமிடமாவது யோசித்துப் பார்த்தாயா என்று நேற்று கேட்டீர்கள். ராத்திரி முழுவதும் வேறு எதையும் யோசிக்கவில்லை, ஐயா. முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். என் தப்பு எது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அவர் கூப்பிட்டபோது நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது.