வீடியோவில் சிரிக்கும் குரல்

பெயர்: ரா. டில்லிபாபு. வயது: 43. தந்தை பெயர்: ராஜமாணிக்கம் (காலமானார்). இருப்பு: பஜனை கோயில் தெரு, கே.ஜி.கண்டிகை, திருத்தணி வட்டம். தொழில்: மலையடிவாரத்தில் மொட்டை அடித்தவர்களுக்குச் சந்தனம் பூசுவது. படிப்பு: பத்தாம் வகுப்பு, கணக்குப் பரீட்சை மூன்று முறை எழுதியும் அது என்னை விடவில்லை. 12.02.2026 அன்று காலை பதினொரு மணிக்கு நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் கனிமொழி அவர்கள் விசாரிக்கச் சொல்வது:

நான் மேற்படி விலாசத்தில் மனைவி அம்சா, ஒரே மகள் மோகனப்ரியா ஆகியோருடன் வசித்து வருகிறேன். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பிறந்த தேதி 09.03.2013. இந்தத் தேதியை நான் வேறோர் இடத்தில் பொய்யாகக் கொடுத்திருப்பதால் இங்கே சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற அக்டோபரில் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் ரத்தத் தட்டுகள் மிகவும் குறைந்துவிட்டதாக டாக்டர் சொன்னதன் பேரில், பிழைத்து எழுந்தால் அவள் முடியை முருகனுக்குக் கொடுப்பதாக வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டேன். என் முடியையே நேர்ந்திருக்கலாம். சாமிக்குக் கொடுக்கும் அளவுக்கு என் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

அதன் பிறகு 27.12.2025 சனிக்கிழமை மூவரும் மலைக்குப் போனோம். மகளுக்கு இஷ்டமில்லை. "மூணு கத்திரி பூ முடி குடுத்தா சாமி ஒத்துக்காதா நைனா?" என்று கேட்டாள். நான் தினமும் நூற்றுக்கணக்கான மொட்டைத் தலைகளைத் தொடுகிறவன். ஒரு தலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற வீடியோ செயலியில் அவளுக்கும் ஒரு கணக்குத் திறந்து தருவதாகச் சொல்லி உட்கார வைத்தேன். அவள் குனிந்து அழுததை என் செல்போனில் பிடித்தேன். முடிந்ததும், வாடிக்கையாளர்களிடம் சொல்வதைப் போலவே, "தேங்கா ரெடி, சந்தனம் போடு!" என்று சொல்லிச் சிரித்தேன். என் சிரிப்பு கொஞ்சம் பெரிது. அடிவாரத்தில் அதை வைத்துத்தான் என் கடைக்கு வழி சொல்வார்கள்.

அதன் பிறகு அன்று மாலையே கணக்குத் திறந்தேன். செயலி பிறந்த தேதி கேட்டது. உண்மையான தேதியைக் கொடுத்தேன். வயது போதாது என்று வந்தது. ஆண்டைக் கட்டைவிரலால் உருட்டி 2001-இல் நிறுத்தினேன், திறந்துகொண்டது. அந்த ஒரு நிமிடம் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பெயரில் அந்த வீடியோவைப் போட்டேன். மறுநாள் ஒன்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அதைத் தொப்பிக் கடை துரைக்கண்ணு முதல் டீக்கடை வரை நானே எடுத்துப் போய்க் காட்டினேன்.

அதன் பிறகு யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் வீடியோக்களில் ஒட்டினார்கள். முதலில் என் மகள் அழுவாள், பிறகு என் சிரிப்பு, பிறகு மேடையில் வழுக்கி விழுகிற மாப்பிள்ளையோ சொறி பிடித்த நாயோ வரும். பள்ளி திறந்த அன்று அவள் பெஞ்சில் ஒரு கொட்டாங்கச்சி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, "எடுத்துடு நைனா" என்று மட்டும் சொன்னாள். உடனே அழித்துவிட்டேன். அழித்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். நான் போட்டதுதான் போயிற்று. மற்றவர்கள் போட்டது எல்லாம் அப்படியே இருந்தது.

அதன் பிறகு அந்தச் செயலியின் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். தங்கள் பதிவின்படி கணக்கின் உரிமையாளருக்கு வயது இருபத்து நான்கு என்றும், விதிமீறல் எதுவும் இல்லை என்றும் பதில் வந்தது. பிறப்புச் சான்றிதழ் அனுப்பினேன். ஒரு எழுத்து மாறாமல் அதே பதில் திரும்ப வந்தது.

அதன் பிறகு ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் என் தங்கை ஹேமாவதிக்கு விஷயம் தெரிந்து, அவள் அங்கிருந்து அதே கம்பெனிக்குப் புகார் கொடுத்தாள். நான்காம் நாள் வீடியோ காலில் வந்து தன் இன்னொரு போனைக் காட்டினாள். இந்த நாட்டில் இதைப் பார்க்க முடியாது என்று அதில் எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னாள். "இங்க ஐரோப்பாவுல இத்தினி நாடும் சேந்து சின்னப் புள்ளைங்களுக்குன்னு சட்டம் போட்டுகினு இருக்காங்கண்ணா. கம்பெனி கேக்கலன்னா வருமானத்துல நூத்துக்கு ஆறு வரைக்கும் அபராதம் போடுவாங்க. அந்த பயம்" என்றாள். அதே நேரம் அம்சா தன் போனில் தேடிப் பார்த்தாள். இங்கே ஓடிக்கொண்டிருந்தது. மகள் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அத்தை ஊர்ல மட்டும் நான் அழல" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை.

10.02.2026 செவ்வாய்க்கிழமை காலை சீருடையில், தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கென்று கிளம்பியவள் பள்ளிக்குப் போகவில்லை. பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பஸ் நிலையம், மலைப்படி, கனகம்மாசத்திரம் வரை தேடிவிட்டு இந்த நிலையத்தில் புகார் கொடுத்தேன். மாலை ஐந்தரை மணிக்கு ரேணிகுண்டா ரயில்வே போலீசார் அவளைப் பிளாட்பாரத்தில் கண்டதாகச் சொன்னார்கள். நானும் அம்சாவும் போய் அழைத்து வந்தோம். திருப்பதியில் எல்லாருமே மொட்டை, அங்கே யாரும் தன்னைப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துப் போனதாக அங்கிருந்த பெண் காவலரிடம் சொல்லியிருக்கிறாள். ரயில் மாறும்போது ஒரு பெண் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, இது நீதானே என்று தெலுங்கில் கேட்டாளாம். அதோடு பயணத்தை நிறுத்தி, வேலை செய்யாத தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

ஹேமாவதி சொன்ன சட்டம் இங்கே உண்டா என்று உதவி ஆய்வாளர் அவர்களைக் கேட்டேன். இங்கேயும் எழுதி வைத்திருக்கிறது, முழுதாக அமலுக்கு வர இன்னும் நாளாகும் என்றும், வந்தால் பெற்றவர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் விவரத்தை யாரும் எடுக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

"பெத்தவருன்னா நான்தானே மேடம்?" என்று கேட்டேன்.

"ஆங், நீங்கதான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேங்க."

அதன் பிறகு அவர்கள், வீடியோவைக் காப்பி எடுத்துப் போட்டவர்கள் மேல் வழக்குப் பதிய யாராவது ஒருவரின் பெயர் தெரியுமா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பெயர் என்னுடையது ஒன்றுதான். முதலில் போட்டவன் நான் என்றும் வயதை மாற்றியவன் நான் என்றும் என் பெயரையே எழுதச் சொன்னேன். அவளை இன்னொரு பள்ளிக்கு மாற்றலாம் என்றார்கள். எந்த ஊர்ப் பள்ளியில் போன் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அடையாளம் காட்டுவதற்காக உதவி ஆய்வாளர் அவர்கள் தமது போனில் அந்த வீடியோவை ஓடவிட்டார்கள். சத்தத்தைக் குறைக்கும்படி நான் சொல்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. வெளி பெஞ்சில் அம்சாவோடு உட்கார்ந்திருந்த என் மகள், எங்கள் பக்கம் திரும்பாமல், தொப்பியை இரண்டு கையாலும் காது வரை இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டாள். வீடியோவில் அழும் சிறுமி என் மகள் மோகனப்ரியா. சிரிக்கும் குரல் என்னுடையது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்; வழக்குக்கு அது தேவையில்லை என்றார்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் எதுவும் இல்லை. யாரும் வற்புறுத்தாமல் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ரா. டில்லிபாபு