தீவில் ஒரு வெள்ளை ஆந்தை

இந்த வருஷம் தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும் பிஹ்லயா மரங்களில் சிவப்புப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது கவனித்தீர்களோ என்னவோ. பழம் இப்படிக் காய்த்தால் தில்ஹிப் பறவைகள் தெற்கே போக அவசரப்படாது. உறைந்து புளித்த பழத்தைத் தின்றுவிட்டு, கொண்டை கலைந்து, குடித்த ஆள் மாதிரி கிளையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். போன வெள்ளிக்கிழமை வானொலியில் இதை யாரும் சொல்லவில்லை. நிகழ்ச்சி நடந்தால்தானே சொல்வதற்கு.

நான் நிதானமாகவே சொல்கிறேன், உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்திலிருந்தே எனக்கு அவசரம் ஆகாது. அது உங்களுக்கே தெரியும். பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் மூச்சை ஊதிப் படம் வரைந்துகொண்டு வருவீர்கள். இந்த ஊரில் பாதிப்பேர் என் பேருந்தில் போனவர்கள்தான். விடியாத சாலையில் ஓட்டும்போது தந்திக் கம்பத்தில் என்ன பறவை உட்கார்ந்திருக்கிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். அதைக் கேட்டுத்தான் வானொலிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக் காலைப் பறவை நிகழ்ச்சி. குளிர் இறங்குகிற சமயத்தில்தான் அதற்கு மவுசு. ஒருவர் கூப்பிட்டுக் கடைசி அன்னம் இன்னும் போகவில்லை என்பார். இன்னொருவர் தன் வீட்டு முற்றத்தில் காட்டுக் காகம் சாசேஜைத் திருடியது என்பார். சொல்கிறவர் நிஜமாகவே பார்த்தாரா, பார்த்ததாக நினைக்கிறாரா என்பதை நான் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். சந்தேகம் என்றால் சேர்க்க மாட்டேன். "ஹெல்வி சொல்லிட்டாளா, அப்ப சரி" என்பதுதான் இங்கே பேச்சு. அதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

ரிஸ்தோவும் அவர் மனைவி மாரித்தும் ஹெல்சிங்கியிலிருந்து வந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. ஏரி இடுப்புபோல் ஒடுங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். நல்ல மனிதர். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். காளான் எங்கே கிடைக்கும், சாவ்னாக் குளியலுக்கு எந்த விறகு நல்லது, உறைந்த ஏரியில் எப்போது நடக்கலாம் என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத்தான் செய்வார். கையில் பெரிய கேமரா. அவருக்கும் எனக்கும் எந்த விரோதமும் இருந்ததில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

போன இலையுதிர்காலத்தில், குப்பைமேட்டுக்கு மேலே துருவ வல்லூறு ஒன்றைப் பார்த்ததாக நான் நிகழ்ச்சியில் சொன்னேன். இந்தப் பக்கம் அது வருவது அபூர்வம். ஒவுலு நகரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் கழித்து ரிஸ்தோ என் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் கேமராவை வைத்து ஒரு படத்தைக் காட்டினார். அதே குப்பைமேடு, அதே பறவை. இளம் கோழிப்பருந்து. கொஞ்சம் வெளிறிய நிறம், அவ்வளவுதான்.

"யாருக்கும் காட்டலை ஹெல்வி. வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்" என்றார்.

காட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன். மறைப்பது என் பழக்கம் இல்லை. அவர் தயங்கினார். நான் வற்புறுத்தினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவரே நிகழ்ச்சிக்கு வந்து, யாருக்கும் வரக்கூடிய தடுமாற்றம்தான் இது, நானாக இருந்தாலும் ஏமாந்திருப்பேன் என்று சொன்னார். எவ்வளவு பதவிசாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதவிசாகச் சொன்னார்.

இங்கே ஜனங்கள் சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டார்கள். மறுநாள் தவுனோவின் கடையில் நான் ரொட்டி வாங்கிக்கொண்டு நின்றபோது அவன் முகத்தை வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டான். "ஹெல்வி, முட்டை வேணுமா? பருந்து தூக்கினது போக மிச்சம் கொஞ்சம் இருக்கு." பின்னால் நின்றவர்கள் பால் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். தபால்காரர் கதவைத் தட்டினால், "கோழியெல்லாம் பத்திரமா?" என்பார். பெட்ரோல் போடுகிற பையன் நான் வண்டியை நிறுத்தியதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாத வயதில் நான் அவனுடைய மூக்கைத் துடைத்துவிட்டிருக்கிறேன்.  எனக்குக் கோபம் இல்லை.

வசந்தத்தில் வானொலியிலிருந்து சன்னா கூப்பிட்டாள். இத்தனை வருஷம் உழைத்துவிட்டீர்கள், ஓய்வு எடுங்கள், ரிஸ்தோ பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ரிஸ்தோதான் ஒப்புக்கொள்ளவில்லை. ஹெல்வி பக்கத்தில் இல்லாமல் செய்ய மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். யாராவது கூப்பிட்டு ஏதாவது சொன்னால் அவர் என் பக்கம் திரும்பி, "ஹெல்வி என்ன நினைக்கறாங்க?" என்று கேட்பார். நான் நினைப்பதைச் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டு நன்றி சொல்வார். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்வார். நிகழ்ச்சி முடிந்ததும் மாரித் சுட்ட ஏலக்காய் ரொட்டியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுப்பார். ஒரு மனிதர் நம்மை இப்படி நடத்துவதை எவ்வளவு நாள் பொறுத்துக்கொள்ள முடியும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். வயது போதாது.

இந்தத் தடவை ஏரி சீக்கிரமே உறைந்தது. அதன்மேல் உடனே பனியும் விழுந்துவிட்டது. பார்த்தால் கரையிலிருந்து கரை வரைக்கும் ஒரே வெள்ளை விரிப்பு. ஆனால் இடுப்புப் பகுதியில் அடியில் நீரோட்டம் நிற்பதே இல்லை. அங்கே கட்டி தட்டுவது எல்லா இடத்துக்கும் கடைசியில்தான். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது தெரியும், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வியாழக்கிழமை நான் ரிஸ்தோவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இடுப்புக்கு அப்பால் இருக்கிற மொட்டைப் பாறைத் தீவில் வெள்ளை ஆந்தை உட்கார்ந்திருக்கிறது என்றேன். துருவத்துப் பெரிய வெள்ளை ஆந்தை. அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கேமராப் பையை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"நாளைக்கு ரேடியோவுல உங்க பேரைத்தான் சொல்லப் போறேன். ஹெல்விதான் முதல்ல பாத்தாங்கன்னு. படமும் எடுத்துட்டோம்னா அந்தக் கோழிப் பேச்சு இன்னையோட முடிஞ்சுது."

அந்தப் பேச்சு தன் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது என்று அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். அதற்கு முன்னால், இதைச் செய்யலாமா வேண்டாமா என்று எனக்கே ஒரு தயக்கம் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

மதியத்துக்கு முன்னால் கரைக்கு வந்துவிட்டார். கழுத்தில் ஆணிக்கட்டை போட்டிருந்தார். பனிக்கட்டி உடைந்து விழுந்தால் விளிம்பில் குத்திக்கொண்டு ஏறுவதற்கு வைத்திருப்போமே, அதுதான். கையில் இரும்பு முனை வைத்த நீளக் கோல். அடி எடுத்து வைப்பதற்கு முன்னால் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"தாங்குமா ஹெல்வி?"

"நேத்து நானே நடந்து போய்த்தானே பாத்துட்டு வந்தேன்."

அவர் பனியைப் பார்த்தார். "உங்க தடம் ஒண்ணும் காணோமே."

"ராத்திரி கொட்டின பனியில தடம் எங்க நிக்கும்."

சரிதான் என்று தலையாட்டினார். கோலை எடுத்துக்கொண்டு இறங்கப் போனவரை நான் நிறுத்தினேன். "அதை இங்கயே வெச்சிட்டுப் போங்க. டங்கு டங்குன்னு தட்டிக்கிட்டே போனா ஆந்தை உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

சிரித்தார். கோலை என் கையில் கொடுத்தார். இதெல்லாம் தனக்குத் தோன்றுவதே இல்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டார். நீங்களும் வாருங்கள், நீங்கள் கண்டுபிடித்தது என்று கூப்பிட்டார். முழங்கால் வலிக்கிறது என்றேன். ஆந்தை எந்தப் பாறையில் இருந்தது என்று கேட்டார். இடதுகோடிப் பாறை என்றேன். அவர் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தம் எழாமல் பாதத்தைப் பதித்துப் பதித்து நடந்தார். அவர் நடந்த விதம் அழகாக இருந்தது. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இடுப்பின் நடுவில் பனி உடைந்து உள்ளே போனார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. காய்ந்த துணியைக் கிழித்த மாதிரி இருந்தது. ஆணிக்கட்டையைச் சரியாகத்தான் பயன்படுத்தினார். ஆனால் நீரோட்டத்துக்கு மேலே இருக்கிற விளிம்பு குத்தக் குத்த உடைந்துகொண்டே போகும். கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. கோலை அவருடைய வீட்டுப் பக்கத்துக் கரையில் சாய்த்து வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.

இருட்டியதும் மாரித் தொலைபேசியில் கூப்பிட்டாள். ரிஸ்தோ உங்களிடம் வந்தாரா என்று கேட்டாள். ஆந்தையைப் பற்றிச் சொன்னேன், தனியாகப் போயிருப்பார் என்றேன். தீயணைப்புக்காரர்கள் வந்து தேடியபோது நான் அவள் சமையலறையில் சால்மன் சூப் வைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் கரண்டியைப் பிடித்து அவளுக்கு ஊட்டினேன். "ஐஸைப் பத்தி அவருக்கு அவ்வளவு பயம். உங்களைக் கேக்காம காலை வைக்க மாட்டாரே" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆசை வந்தால் மனிதர்கள் அப்படித்தான் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நீங்கள் அன்றைக்கு விசாரணைக்கு வந்து என்னைக் கேட்டபோதும் நான் கரைக்கே போகவில்லை என்றுதான் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். நான் இன்று வராமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். அடக்கத்துக்குப் பிறகு சன்னாவும் மாரித்தும் என் வீட்டுக்கு வந்தார்கள். ரிஸ்தோவின் நினைவாகக் கரையில் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். அதில் வெள்ளை ஆந்தையின் படம். இந்தக் குளிர்காலத்தின் முதல் வெள்ளை ஆந்தை, ஹெல்வி கண்டது, ரிஸ்தோ தேடிப் போனது என்று எழுதுவார்களாம். வானொலியிலும் அறிவிப்பார்களாம். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். 

யோசித்துப் பார்த்தேன். பார்வை தவறிவிட்டது, அது பாறைமேல் கிடந்த பனி என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். அதுதான் சிக்கல். உடனே நம்பியிருப்பார்கள். தவுனோ வாயைத் திறக்க மாட்டான், ஆனால் மனசுக்குள் சொல்லிக்கொள்வான், கிழவி மறுபடியும் கோட்டை விட்டாள், இந்தத் தடவை ஒரு ஆளே போய்விட்டான் என்று. அது உண்மை இல்லை. என் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை. அங்கே ஆந்தை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், அங்கே பனி தாங்காது என்று தெரிந்துதான் அவரை நடக்கவிட்டேன். இது வேறு, அது வேறு. அந்த வித்தியாசம் ஊருக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, ஒரு கேள்விதான் பாக்கி. கோல் கையில் இருந்தது, அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவு நேரமும் நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள்.

முதலில் அவர் கத்தவில்லை. "ஹெல்வி, கோலைத் தள்ளி விடுங்க. நீங்க கிட்ட வராதீங்க, படுத்துக்கிட்டுத் தள்ளினாப் போதும்" என்றார். என் முழங்காலைக்கூட அவர் மறக்கவில்லை. நானும் ஒரு அடி எடுத்து வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போதுதான் என் இடது பக்கத்துக் காய்ந்த மரத்தில் ஒரு பெரிய சாம்பல் ஆந்தை வந்து உட்கார்ந்தது. கைநீட்டினால் தொடலாம் போல இருந்தது. தட்டு மாதிரி முகம், மஞ்சள் கண். அவ்வளவு பக்கத்தில் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அது காதால் வேட்டையாடுகிற பறவை. பனிக்கு அடியில் எலி நகர்வது அதற்கு மரத்திலிருந்தே கேட்கும். என் காலடிக்குக் கொஞ்சம் தள்ளிப் பனியில் எதையோ குறி வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட எழவில்லை.

ரிஸ்தோதான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கோலைக் கேட்டார், பிறகு என் பெயரை மட்டும் சொன்னார், பிறகு மாரித்தைக் கூப்பிட்டார், பிறகு சொல்லே இல்லாத ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் ஆந்தைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிறகை விரிக்கும், தயங்கி மடக்கிக்கொள்ளும். அவர் ஓய்வதற்குச் சற்று முன்னால் அது எழும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

குளிர் தொடங்குகிற நேரம். ஒரு எலி கிடைப்பதும் கிடைக்காததும் அதற்குச் சாதாரண விஷயம் இல்லை. நான் ஈவு இரக்கம் இல்லாதவள் கிடையாது. அது பசியோடு பறந்து போனதை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை.