பன்னிரண்டாம் அறைப் பியானோ

டீன் அம்மா, முதலில் காபிக்கு நன்றி. விசாரணைக்குக் கூப்பிட்ட ஆளுக்கு ஆப்பிள் கேக்கை வெட்டி வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை வற்புறுத்துவது நம் மின்னசோட்டாவில்தான் நடக்கும். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது முறைதான் வாங்கிக்கொண்டேன். வளர்ப்பு அப்படி.

போன வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு வந்த, ஓபோக் குழல் வாசிக்கிற ஓபோக்காரர் தன் சின்ன மின்பெட்டியை வைத்து அளந்து, பன்னிரண்டாம் அறைப் பியானோ அரைச் சுரத்தில் பாதி அளவு ஏறியிருக்கிறது என்று உங்களிடம் சொன்னாராம். அளவு சரி. தானாக ஏறவில்லை, நான்தான் ஏற்றினேன். பத்தொன்பது வருடமாக இந்தக் கல்லூரிப் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறேன். என் கைக்குத் தெரியாமல் ஒரு கம்பி அசையாது. ஏன் செய்தேன் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அந்த அறையில் செவிப்பயிற்சி வகுப்பு நடத்தியவர் பேராசிரியர் கான்ராட் வெந்த். அவர் இரண்டு சுரங்களை வாசிப்பார். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பிள்ளைகள் காதால் கேட்டே எழுத வேண்டும். மூன்றாவதா, ஐந்தாவதா, ஆறாவதா. மற்றவர்களுக்கு இது இரண்டு வருடப் பாடு. வெந்துக்கோ எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அதன் சுரப்பெயர், சி, டி, இ என்று, தெரியும், பிறவியிலேயே. சர்ச் விருந்தில் நான் தும்மினால், "எஃப் ஷார்ப், லாயல். போன வாரம் ஜி-ல தும்மின, உடம்பு சரியில்லையா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பிள்ளைகளிடம்தான் அந்த விளையாட்டு எடுபடவில்லை. சோல்வெய்க் என்ற பெண்ணை போன வருட வசந்தத்தில் ஒருநாள் எழுப்பி நிறுத்தி, "ஏம்மா, கீழ சி, மேல ஏ. ஆறாவது. கண்ணு முன்னாடி பசுமாடு நிக்குது, தெரியலங்கறியே" என்றார். அவள் நடைவழியில் நின்று அழுதாள். கருவிப்பையோடு அந்தப் பக்கம் போன எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்கும் தூரம் கேட்காது என்பது எனக்குத் தெரியும். இரண்டு பெயர்களைக் கேட்டுக் கழித்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். பெயரை எடுத்துவிட்டால் சோல்வெய்க் நிற்கும் இடத்தில்தான் அவரும் நிற்பார். அவர் நன்மைக்காகவே எடுத்துவிடலாம் என்று தோன்றியது.

அதே வசந்தத்தில் பெரிய மண்டபத்தில் ஒரே ஒரு கட்டையைத் தட்டிவிட்டு, "ரெண்டு மயிரிழை கம்மி, லாயல்" என்று நூறு பேர் முன்னால் அவர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதை நான் அன்றே மறந்துவிட்டேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி, மாலை நாலே கால்.

செப்டம்பரில் ஆரம்பித்தேன். மாதம் ஒரு முறை, எண்பத்தெட்டுக் கட்டைகளையும் ஒரே அளவாக, துளித் துளியாக ஏற்றினேன். எல்லாம் சேர்ந்து ஏறினால் தூரம் மாறாது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வீட்டுப் பியானோவையும் நான்தான் பார்க்கிறேன் என்பதால் அதையும் கூடவே ஏற்றினேன். அவருக்குத் தெரிந்தது. சுருதியைப் பெயரால் அறிகிறவர்களுக்கு ஐம்பது வயதைத் தாண்டினால் காது இடம் மாறி, எல்லாம் ஏறினாற்போலக் கேட்க ஆரம்பிக்கும். நம் தொழிலில் எல்லோரும் அறிந்த பயம் அது. வெந்துக்கு ஐம்பத்தேழு.

டிசம்பரில் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"லாயல், வகுப்புப் பியானோ ஏறியிருக்கா?"

"எல்லாம் சரியாத்தானே இருக்கு, புரபசர்."

"மண்டபத்துப் பியானோ சரியா கேக்குதேப்பா. சர்ச் ஆர்கனும்."

"ரெண்டு எடத்துலயும் ஹீட்டரைக் கொறச்சு வெச்சிருக்காங்க. குளிருக்கு எறங்கிடும்னு உங்களுக்குத் தெரியாததா?"

பிறகு, எப்போதும் மாறாத ஒரே சுரம் தரும் என் இசைக்கவையை முழங்காலில் தட்டி அவர் காதருகே பிடித்தேன். அது பியானோவோடு அச்சாகப் பொருந்தியது. கவையின் இரு நுனிகளையும் அரத்தால் தேய்த்தால் சுருதி ஏறும். பியானோவை ஏற்றிய ஒவ்வொரு மாதமும் அதையும் தேய்த்திருந்தேன். அவர் முகம் வெளுத்தது. "முப்பது வருஷம் இந்தக் காதை வெச்சுத்தான் பொழச்சேன், லாயல். வெளிய தெரிஞ்சா என்னை வகுப்புல விட மாட்டாங்க" என்றார். பாவமாக இருந்தது. உண்மையிலேயே பாவமாக இருந்தது.

ஜனவரி முதல், செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு நான் அவருக்குத் தூரம் சொல்லிக்கொடுத்தேன். பெயரை மறந்துவிடுங்கள், இடைவெளியை மட்டும் கேளுங்கள் என்றேன். வாசல் மணி டிங்-டாங் என்று இறங்குகிறதே, அது பெரிய மூன்றாவது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யும் ராகம் இருக்கிறதே, அது சின்ன மூன்றாவது. அவர் நோட்டில் எழுதிக்கொண்டார், முதலாண்டு மாணவரைப் போல. முதல் மாதம் முழுக்கத் தப்பும் தவறும்தான். கோபமே வரவில்லை அவருக்கு. சோல்வெய்க்கைக் கூப்பிட்டு, "நீ எப்படிம்மா கேக்கற? எனக்கும் சொல்லேன்" என்றார். அவள் சொன்னாள்.

மார்ச்சில் ஒருநாள் பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னார். எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நம் ஊரில் ஆண்கள் அப்படிச் செய்வதில்லை என்பதால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இத்தனை வருஷம் எழுத்துக்கூட்டிப் படிச்சேன் லாயல், இப்பத்தான் பாட்டே கேக்குது. எல்லாம் உன்னாலதான்" என்றார். கண்ணில் தண்ணீர். பிள்ளைகள் அவர் வகுப்புக்குச் சிரித்துக்கொண்டே போகத் தொடங்கினார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது. உங்களுக்கு நான் சொல்ல விரும்பியதும் இவ்வளவுதான்.

ஓபோக்காரரின் பெட்டி இன்னொன்றும் காட்டியது என்கிறீர்கள். நடு சி-க்கு மேலே உள்ள இ மட்டும் மற்றவற்றோடு ஏறாமல் கீழே கிடக்கிறதாம். ஆமாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பத்து வந்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வெந்த் ஏதோ யோசனையாக அந்தக் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். "பெயரைச் சொல்லலப்பா, தூரத்தைச் சொல்றேன். சி-க்கும் இ-க்கும் நடுவுல ஒரு மயிரிழை கம்மியா இருக்கே. கை தவறிடுச்சா?" என்று அன்பாகத்தான் கேட்டார். உண்மையில் கை தவறித்தான் இருந்தது. இந்தப் பத்தொன்பது வருடத்தில் அதைத் தூரத்தாலேயே கண்டுபிடித்த வேறு காது கிடையாது.

அன்று மாலையே அந்த இ-யை, பெரிய மூன்றாவதா சின்ன மூன்றாவதா என்று சொல்ல முடியாத நடு இடத்துக்கு இறக்கினேன். அவர் வீட்டுப் பியானோவிலும். இசைக்கவையால் இதைச் சரிபார்க்க முடியாது, அது ஏ ஒன்றைத்தான் சொல்லும். என்னைக் கேட்டார், சரியாக இருக்கிறது என்றேன். சோல்வெய்க்கைக் கேட்டார், ஒருமாதிரி இருக்கிறது என்று அவள் இழுத்தாள், அவருக்காகப் பரிதாபப்பட்டுச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் தாங்கினார். இப்போது வாசல் மணி அடித்தால் யாரோ தன்னைக் கேலி செய்வதாகக் கேட்கிறதாம் அவருக்கு. மனைவி லெனோரா மணியைக் கழற்றிவிட்டார். ராஜினாமாக் கடிதம் உங்கள் மேஜையில் இருக்கிறது. வீட்டுப் பியானோவை விற்றுவிட்டார்கள்.

எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இல்லை, டீன் அம்மா. வேலையும் நன்றாகவே போகிறது. அவர் விலகிய இந்த ஏப்ரலிலிருந்து இந்த ஊரில் ஒருவர்கூட என் சுருதியில் குறை சொன்னதில்லை.