மெசினுக்குள் பகல்

— "பால் சொசைட்டி மெசின்ல நேரம் தப்பா இருக்குதுல்ல மௌனி, சித்திரபுரம் போயிட்டு வந்து மாத்திர்றேன்"னாரு. அவ்வளவுதானுங்க அஜ்மல் அண்ணா. மத்தியானச் சோத்துக்கு மோர் ஊத்தறதுக்குக் கூட நிக்கலீங்க, கைய கழுவிட்டுக் கெளம்பிட்டாரு.

— நவீனு அப்படித்தான். என் போன் கடைக்கு வந்தாலும் பாதி டீய வெச்சிட்டு ஓடுவான். செரி, அவன் லேப்டாப்பு?

— இவரு கூடத்தானுங்க இருந்துச்சு. மலையில மண்ணு எறங்குனப்ப, ஜீப்போட...

— விடு தங்கச்சி. விடு.

— பால் சொசைட்டில இவரு வெச்சுக் குடுத்த கம்ப்யூட்டரும் இடி விழுந்து கருகிப் போச்சுங்க. இன்னிக்குச் சாயங்காலப் பாலுக்கு ஓடலைன்னா வெளியாளைக் கூட்டியாந்து வேற போட்டுருவோம்னு செகரட்டரி குப்பண்ணன் சொல்லிட்டாரு. இவரு கட்டுனதுல மிச்சம் அது ஒண்ணுதானுங்ணா.

— அது போகலை. அதோட முழு நகல, இமேஜ, நெட்டுல ரிஜிஸ்ட்ரியில ஏத்தி வெச்சிருக்கான், கேட்டியா. இதா, எறங்கிட்டிருக்கு.

— எறங்குனா மட்டும்? இமேஜ ஓட்டுனா வர்ற கன்டெய்னரு இன்னொரு மெசின் முதுகுல ஏறித்தானுங்களே ஓடும்?

— பாரு, அவன்கிட்டக் கேட்டுக் கேட்டு நீயும் கத்துக்கிட்ட! சாதா கன்டெய்னரு அப்படி. இதுல மெசின எழுப்பற கெர்னலையும் உள்ள வெச்சுக் கட்டியிருக்கான். லினக்ஸ் முச்சூடும் மடிச்சுக் கெடக்கு. டிஸ்க்கா மாத்தி, இந்த லேப்டாப்புக்குள்ளயே ஒரு விர்ச்சுவல் மெசின்ல குடுத்தாப் போதும். தானா எந்திரிச்சுக்கும்.

— தூங்குனவங்க எந்திரிக்கற மாதிரியே சொல்றீங்க.

— உள்ள போறதுக்கு ஒரு ஆளு பேரு வேணும். உன் பேரையே போட்டுட்டேன். செரி, ஸ்டார்ட் பண்ணறேன்.

— ஏனுங்ணா, கருப்பாவே இருக்குது?

— பொறு. அல்லா காப்பாத்தணும்.

— ஆ... எழுத்து வருது! கீழயிருந்து மேல போறதப் பாருங்க. நெல்லியாம்பதி மல மேல மேகம் ஏறுமில்லீங்க, அப்படியே. காத்து கூட நின்ன மாதிரி இருக்குது. மாந்தோப்புல ஒரு எலை அசையலீங்க.

— வந்துருச்சு! மௌனிகா, உன் பேரைக் கேக்குது பாரு.

— இவரு கேக்கற மாதிரி இருக்குதுங்ணா.

— அழாத. அழாம பாஸ்வேர்ட அடி... ஆச்சு. பால் கணக்கு வந்துருச்சு. ஆனா நேரம் அதே தப்புதான்.

— தப்புத்தானுங்களா, இன்னும்?

— உலகப் பொது நேரத்துல ஓடுது. நம்மளுக்கு அஞ்சரை மணி பின்னால. பொழுதெறங்கப் பால் ஊத்துனா சீட்டுல மத்தியானம்னு வரும். முன்ன ஒருநா குப்பண்ணன் சீட்டத் தூக்கிட்டு என் கடைக்கே வந்துட்டாரு. "ஏன்டா, உச்சி வெயில்ல எவன்டா மாடு கறப்பான்?"

— இவருகிட்டயும் சண்டைக்கு வந்தாருங்க. ஒரு நிமிச வேலைதான, இப்பவே மாத்துங்கன்னு நானும் சொன்னேன். கேக்கலீங்க.

— கேக்க மாட்டான். ஓடற மெசின்ல கை வெக்கறது அவனுக்கு ஆகாது. எதை மாத்தறதா இருந்தாலும் இமேஜ்ல மாத்து, மறுக்காக் கட்டு, மறுக்கா எந்திரிக்க வையிம்பான். நானும் அவன் வழியிலயே போறேன். அவன் கட்டுனத அடியில வெச்சு, மேல ஒரே ஒரு வரி. இந்தியா நேரம். பாலு வர்றதுக்குள்ள கட்டிரலாம்.

— போடுங்க. சொசைட்டிக்கு நேரம் சரியா இருக்கோணும். வந்து மாத்தறேன்னு சொன்னதுதானுங்களே.

— ஆச்சு. இதப் பென்டிரைவுல கொண்டு போயி, சொசைட்டில வேற மெசின் வெச்சுக் குப்பண்ணன் மூஞ்சிக்கு நேரா ஓட்டிக் காட்டறேன். அப்ப இந்தப் பழசை நிறுத்திரட்டுமா?

— அண்ணா... அதுபாட்டுக்கு இருக்கலாமில்லீங்க? இந்த லேப்டாப்புல?

— இருக்கலாம். ஒரே இமேஜ்ல எத்தனை மெசின் வேணாலும் ஓட்டலாம். ஆனா தப்பு நேரத்த வெச்சிட்டு நீ என்ன பண்ணுவ?

— இப்ப அதுல மணி என்னங்க?

— நம்மளுக்கு மணி அஞ்சரை, பொழுதெறங்குது. அதுல இப்பத்தான் பன்னெண்டு.

— அப்ப இவரு இன்னும் சாப்பிடவே உக்காரலீங்ணா.