தெரியாத துணிக்கு மதிப்பெண்

பெரியோர்களே, தோழிகளே... எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். "இந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகள் எங்கே? ஒரு போட்டிக்கும் காணோமே!" என்றார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், ஒரு சின்னக் கதை வைத்திருக்கிறேன், கேளுங்கள். சிரிப்பு வருகிற இடத்தில் சத்தமாகவே சிரித்துவிடுங்கள். நீங்கள் சும்மா இருந்தால் எனக்குப் பயமாகிவிடும்.

ஒரு நாடு. பெயர் வேண்டாம். அந்த நாட்டு ராணுவத்துக்குப் புதுச் சீருடை தேவைப்பட்டது. எப்படிப்பட்ட சீருடை? போட்டுக்கொண்டு காட்டில் படுத்தால் எதிரியின் கண்ணுக்கே தெரியக் கூடாது. இலை, மண், நிழல் எல்லாம் கலந்து திட்டுத் திட்டாக இருக்குமே... அந்தத் துணி.

கடைசியில் இரண்டு துணிகள் மிஞ்சின. ஒன்று, தளபதி ராஜசிம்மன் தன் கையாலேயே வரைந்தது. எதைப் பார்த்து வரைந்தார் தெரியுமா? தன் பங்களாத் தோட்டத்தைப் பார்த்து! பச்சைப் புல், மஞ்சள் குரோட்டன்ஸ், நடுநடுவே செம்பருத்திச் சிவப்பு. இன்னொன்று மங்கையர்க்கரசி என்ற வடிவமைப்பாளர் செய்தது. அந்த அம்மா முள்காட்டில் வெயிலோடு அலைந்து, காய்ந்த கருவேலம், புழுதி, நிழல் என்று பார்த்துப் பார்த்து நிறம் கலந்திருந்தார். தளபதி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "என்னம்மா இது... துவைக்காத துணி மாதிரி இருக்கு?"

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். ஆளுக்கொரு சீருடையில் இரண்டு சிப்பாய்கள் முன்கூட்டியே போய் முள்காட்டில் படுத்துக்கொள்ள வேண்டும். "நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் எவனும் அசையக் கூடாது. இருமினாக்கூட தொலைச்சுடுவேன்!" இது தளபதியின் கட்டளை.

மங்கையர்க்கரசியின் துணியைப் போட்டவன் பெயர் தங்கமாரி. அவனுக்கு ஒரு கவலை. மறுநாள் ஊரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையை யார் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள்? தாய்மாமன் மடியில்! அக்காவுக்கு இருப்பதோ இந்த ஒரே தம்பி. சோதனை முடிந்ததும் லீவு என்று கேப்டன் பிச்சைமூர்த்தி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த லீவுக்காகத்தான் அவன் முள்ளில் படுத்துக் கிடந்தான்.

கேப்டனும் மங்கையர்க்கரசியும் பின்னால் வர, தளபதி வந்தார். பைனாகுலரைத் தூக்கினார். காய்ந்த காட்டுக்கு நடுவே பூந்தொட்டி வைத்த மாதிரி முதல் சிப்பாய் படுத்திருந்தான்.

"ஆகா! அதோ பாருய்யா, எவ்வளவு கம்பீரமா தெரியுறான்! பத்துக்குப் பத்து போடு!"

கேப்டன் போட்டார். ஏன் போட்டார் என்று கேட்காதீர்கள். சொன்னது தளபதி!

அடுத்தது தங்கமாரி. தளபதி இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். புதருக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"எங்கேய்யா உன் ஆளு?"

"தெரியலைங்கய்யா."

"அப்ப வரலைன்னு எழுது. ஆப்சென்ட்!"

மங்கையர்க்கரசி பதறினார். "ஐயா, அவர் வரலைன்னு இல்லைங்க... தெரியலை. அதுதானே நமக்கு வேணும்?"

"தெரியாத துணிக்கு நான் எப்படிம்மா மார்க் போடுறது? சரி, நீயே காட்டு பாப்போம்."

அந்த அம்மாவும் தேடினார். தேடித் தேடிப் பார்த்துவிட்டு... "எனக்கே தெரியலையேங்க!"

வெயில் ஏறியது. தளபதிக்குக் கால் வலித்தது. பக்கத்தில் ஒரு மண்மேடு. அப்பாடா என்று அதன் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே கேப்டனிடம் சொன்னார். "சிப்பாய் தங்கமாரி ஓடிப்போயிட்டான். லீவு ரத்து. கண்டதும் பிடிச்சு உள்ளே போடு."

அப்போது ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல்... நசுங்கின குரல்.

"ஐயா... என்ன வேணா பண்ணுங்க. லீவை மட்டும் ரத்து பண்ணாதீங்கய்யா..."

"யாருய்யா அது பேசுறது?"

"நீங்க உட்கார்ந்திருக்கிற இடம்தாங்கய்யா பேசுறேன்!"

தளபதி துள்ளிய துள்ளலில் தொப்பி ஒரு பக்கம், பைனாகுலர் ஒரு பக்கம்! மண்மேடு எழுந்து நின்று சல்யூட் அடித்தது. மூக்கெல்லாம் எறும்பு.

"ஏண்டா, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதானேய்யா அசையக் கூடாதுன்னீங்க!"

தளபதி குனிந்து தொப்பியைப் பொறுக்கினார். மங்கையர்க்கரசி மெதுவாகக் கேட்டார். "எதிரிக்கும் நம்ம கண்ணு மாதிரிதானேங்கய்யா இருக்கும்?"

தளபதி அந்தப் பூந்தொட்டிச் சிப்பாயைப் பார்த்தார். தங்கமாரியைப் பார்த்தார். "யோவ் கேப்டன், துவைக்காத துணியையே எல்லாருக்கும் தைக்கச் சொல்லு" என்றார். பிறகு தங்கமாரியிடம் திரும்பினார். "லீவு எதுக்குடா?"

"காதுகுத்துங்கய்யா. தாய்மாமன் மடியில பிள்ளை உட்காரணும்."

"போய்ட்டு வா. நானே உட்கார்ந்து பார்த்துட்டேன். வசதியாத்தான் இருக்கு!"

சிரித்துவிட்டீர்கள். நன்றி... இப்போது கொஞ்சம் யோசியுங்கள்.

"சத்தமாகச் சிரிக்காதே" என்று எங்களுக்குச் சொன்னது யார்? "நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி நிற்காதே" என்று சொன்னது யார்? கட்டளை போட்டது நீங்கள். அசையாமல் கிடந்தது நாங்கள். நன்றாகவே பழகிவிட்டோம். பழகிய பிறகு மேடையில் ஏறி நின்று, "பெண் பிள்ளைகள் வரவே இல்லையே" என்று குறை சொல்கிறீர்களே... இது நியாயமா?

நாங்கள் வராமல் இல்லை. அதோ, கடைசி வரிசையில் பாருங்கள். நான் அங்கிருந்துதான் எழுந்து வந்தேன். நசுங்கின குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அங்கே இன்னும் எத்தனையோ பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

அவர்களைத் தேடுங்கள்... கட்டாயம் தேடுங்கள். ஆனால் தேடுவதற்கு முன்னால், தயவுசெய்து, நீங்கள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை எழுந்து பாருங்கள்!