வெல்லத் தண்ணி

ராயபுரம் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு மீன்காரப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சக்கரை வியாதிக்காரனுக்கு சக்கரை கேக்கிறியேன்னு கம்பவுண்டர் சிரிக்கிறான்க்கா," என்றாள் இளையவள்.

"உன் வூட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு?"

"இன்சுலின் ஊசி போட்டுக்கினு, கஞ்சி குடிக்காம ஹார்பர் வேலைக்குப் போயி மயங்கிட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். இப்டி மயங்குனா சக்கரை குடுன்னு பெரிய டாக்டரே முன்னாடி எனக்கு சொல்லிக்கீறாரு. அத்தச் சொன்னா, அந்த கம்பவுண்டர் 'குடிச்சிட்டு வந்துக்கீறான், போலீஸைக் கூப்டு'ன்றான்."

"அய்யய்யோ!"

"எதிர்க் கடையில வெல்லம் வாங்கி, கரைச்சு நானே வாயில வுட்டேன். கொஞ்ச நேரத்துல எய்ந்து குந்துனாரு. 'பாத்தியா, போதை தெளிஞ்சிருச்சு'ன்றான்க்கா."

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அவரு ஊசியே வேணான்றாரு. குடிகாரன்னு பேரு வாங்கறதுக்கு செத்தே போறேன்றாரு. நான் இன்னாக்கா சொல்லட்டும்?"