தொட்டிக்குள் மெழுகுவத்தி

டீ வேண்டாம் சார், வரும் வழியிலேயே குடித்துவிட்டேன். உங்கள் ஸ்டேஷன் எதிரில் இருக்கிற கடையில் இஞ்சியைக் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப் போடுகிறார்கள். அதனால் டீயின் ருசி அடிபட்டுப் போகிறது. தப்பாக நினைக்காதீர்கள், நாக்கு விஷயத்தில் நான் இப்படித்தான். ஊரார் நாக்கைப் பழக்குவதே எனக்குச் சில வருஷம் பிழைப்பாக இருந்தது.

ராகவன் சாருடைய திராட்சைத் தோட்டம் உங்களுக்குத் தெரியும். அச்சரப்பாக்கம் தாண்டி மலையடியில். சாரும் ஸ்வாதி மேடமும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, கம்பம் ஊரிலிருந்து கொடி கொண்டுவந்து பந்தல் போட்டார்கள். இந்த வெயிலில் திராட்சையா என்று சிரித்தவர்கள், கொத்துக் கொத்தாகத் தொங்கியதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். சனிக்கிழமை காலையில் சோழிங்கநல்லூரிலிருந்து வேன் புறப்படும். ஐ.டி. கம்பெனிக்காரர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், வெளிநாட்டில் ஒரு முறை ஒயின் குடித்துவிட்டு வந்து அதையே பேசிக்கொண்டிருப்பவர்கள், எல்லோரும் ருசி பார்க்க வருவார்கள். நான்தான் கைடு. டம்ளரைச் சாய்த்து நிறம் பாருங்கள் என்பேன், சாய்ப்பார்கள். சுழற்றி மோந்து பாருங்கள் என்பேன், மோப்பார்கள். "நாவப்பழ வாசனை வருதா?" என்று கேட்டால் வராதவர்களும் தலையாட்டுவார்கள். ஒருவர் சந்தேகமாகப் பார்த்தால் இன்னொரு முறை மெதுவாகச் சொல்வேன். அவருக்கும் வந்துவிடும்.

என் அப்பா ஏசுபாதம் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடந்தவர். அவர் சொன்ன ஒரு வார்த்தையை யாரும் காதில் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. மழை வரும், நெல்லை அள்ளுங்கள் என்று அவர் சொன்னால், களத்தில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மழை வந்து நனைந்த பிறகு அவரைத்தான் திட்டுவார்கள். அவர் பிள்ளை சொன்னால் இல்லாத நாவல்பழ வாசனைகூட வருகிறது என்றால், எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்கள் புரிந்துகொள்வீர்கள். இனிச் சொல்லப்போவதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

பெஞ்சமின் எனக்கு மச்சான். என் தங்கை ஜாய்ஸைக் கட்டியவன். அதற்கு முன்பே சிநேகிதன். கல் குவாரியில் தூசியைத் தின்றுகொண்டிருந்தவனைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான். ராகவன் சார் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார், அவன் கையால் கற்றுக்கொண்டான். ஒயின் போடுவதெல்லாம் அவன் பொறுப்பு, பேசுவதெல்லாம் என் பொறுப்பு என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மெழுகுவத்தி சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். தரைக்குள் இறக்கிக் கட்டிய சிமெண்ட் தொட்டியில்தான் திராட்சை நொதிக்கும். ரசத்தை வடித்த பிறகு அடியில் சக்கை தங்கும். அதை ஆள் இறங்கித்தான் வாரவேண்டும். ஆனால் நொதிக்கிற சக்கையிலிருந்து ஒரு காற்று கிளம்பித் தொட்டிக்குள்ளேயே படுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் இறங்கினால் ஆள் ஏறி வரமாட்டான். பழைய கிணற்றில் தூர் வாருகிறவர்கள் முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள் அல்லவா, அதே கதைதான். பெஞ்சமின் ஒரு தகர டப்பாவில் மெழுகுவத்தியை நிறுத்தி, கம்பியில் கட்டி உள்ளே விடுவான். எரிந்துகொண்டிருந்தால் இறங்கலாம். அணைந்தால் ஃபேனை வைத்து ஊதவிட்டு, மறுபடியும் பார்க்கவேண்டும்.

அதைக் காட்சியாக மாற்றியது நான். அறையின் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு டப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன். சுடர் சின்னதாகும், நீலமாகும், போய்விடும். யாரும் மூச்சுவிட மாட்டார்கள். விளக்கைப் போட்டதும் கைதட்டுவார்கள். பெஞ்சமின் ஓரமாக நின்று சிரிப்பான். "நாடகம் ஆடறான் பாரு என் மச்சான்" என்பான், பெருமையாகத்தான்.

ருசி பார்க்க வந்த ரவிச்சந்திரன் சாருடைய சாவைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே பேப்பர் இருக்கும். திரும்பும்போது வேன் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும். கடற்கரையில் கொஞ்ச நேரம் நிறுத்துவோம். ஒயின் குடித்தவர்கள் கடலில் இறங்கக் கூடாது என்பது ராகவன் சார் போட்ட விதி. அதற்காக எனக்கு ஒரு விசில்கூட வாங்கிக் கொடுத்திருந்தார். ரவிச்சந்திரன் சார் கலகலப்பான மனிதர், நான் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். அன்றைக்கு அவர் இறங்கினார், அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் எச்சரித்தேன், அவர் கேட்கவில்லை என்று கரையில் விசாரித்தவர்களிடம் சொன்னேன். அலைச் சத்தத்தில் அவர் காதில் விழாமல் போயிருக்கலாம். வேனிலேயே ஒரு முறை சொல்வது வழக்கம். அன்றைக்குச் சொன்னேனா என்று யோசித்தால் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அத்தனை சனிக்கிழமை சொன்னவன் அன்றைக்கு மட்டும் எப்படிச் சொல்லாமல் இருந்திருப்பேன். மீந்த பாட்டிலை வேனுக்குப் பின்னால் நானும் அவரும் பகிர்ந்துகொண்டோம், அது உண்மை. அவராகக் கேட்டார். வந்த விருந்தாளிக்கு இல்லை என்று சொல்வது மரியாதையா.

பெஞ்சமினும் அன்றைக்கு வேனில் இருந்தான். ஜாய்ஸ் அணுபுரத்தில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். அங்கே பக்கத்தில்தான் வாடகைக்கு இருந்தார்கள். சனிக்கிழமைகளில் இதே வேனில் கடற்கரை வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போவான்.

அடக்கம் முடிந்த பிறகு ரவிச்சந்திரன் சாரின் மனைவி தோட்டத்துக்கு வந்தார். அழவில்லை. தன் கணவர் கடைசியாக யாரோடு பேசினார், என்ன பேசினார் என்று மட்டும் கேட்டார். ராகவன் சார், ஸ்வாதி மேடம், வேலைக்காரர்கள் எல்லோரும் இருந்தோம். எச்சரித்தேன் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதோடு அது முடிந்திருக்க வேண்டும். பெஞ்சமின் எழுந்து நின்றான்.

"மேடம், இவன் தடுக்கல. உங்க வூட்டுக்காரரு எறங்கலாமான்னு கேட்டாரு. 'போங்க சார், ஒண்ணும் ஆவாது'ன்னு இவன்தான் சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். அவரு வெளையாட்டுக்குக் கேக்கறாருன்னு நெனச்சிட்டேன். நானாச்சும் தடுத்திருக்கணும்."

என்னைப் பார்க்காமல் சொன்னான். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். எத்தனையோ பேர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள் சார், ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. கூடப்பிறந்தவளைக் கொடுத்திருக்கிறேன். குவாரியிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறேன். யாரோ ஒரு ஊர்பேர் தெரியாத மனுஷிக்காக, அத்தனை பேருக்கு முன்னால், முதுகில் குத்திவிட்டான்.

அன்று சாயங்காலமே ஜாய்ஸைப் பார்க்கப் போனேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னா ஜாய்ஸு, உன் புருசன் இப்டிப் பண்ணிட்டான்? என்னைப் பொய்யன்னு சொல்லிட்டான்" என்றேன்.

அவள் கரண்டியை எடுத்துக் கிண்டினாள். "அவரு பொய் சொல்ல மாட்டாருண்ணா" என்றாள்.

நீயும் சொல்லமாட்டாய் என்று அடுத்து வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் உப்புப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

என்னை வேலையை விட்டு அனுப்பத்தான் ராகவன் சார் நினைத்தார். பெஞ்சமின்தான் தடுத்திருக்கிறான். "கைடு வேல வேணாம் சார். என்கூட தொட்டியாண்ட வெச்சிக்கிறேன், நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னானாம். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. குத்தினவனே மருந்து போட வந்தால் எப்படி இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஷாரோன் என்று ஒரு பெண் கைடாக வந்தாள். நான் கூடை சுமந்துகொண்டு போகும்போது அவள் மெழுகுவத்தியை இறக்கிக்கொண்டிருப்பாள். விளக்கை அணைக்கமாட்டாள். அப்படியும் கைதட்டினார்கள்.

பெஞ்சமின் என்னிடம் மாறவே இல்லை, அதையும் சொல்லவேண்டும். சாப்பாட்டைப் பிரித்தால் பாதி மீனை என் பக்கம் தள்ளுவான். ஒரு முறை மட்டும், "அந்தம்மா கேட்டாங்க மச்சான், வேற இன்னா சொல்றது?" என்றான். நான் மீனைச் சாப்பிட்டேன். ஆனால் தோட்டத்தில் அதற்குப் பிறகு என் பேச்சு செல்லாக்காசாகிவிட்டது. கூடை நிறைந்துவிட்டது என்று நான் சொன்னால்கூட, சுமை தூக்குகிற குமார் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினான்.

இனி இந்த அறுவடையில் நடந்ததுக்கு வருகிறேன். ரசம் வடித்தாயிற்று, சக்கை வாரவேண்டிய காலை. ராத்திரியே கரண்ட் போயிருந்ததால் ஃபேன் ஓடவில்லை. குமாரும் மற்றவர்களும் பந்தலில் இருந்தார்கள். பெஞ்சமின் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் டப்பாவை எடுத்து, மெழுகுவத்தியைக் கொளுத்தி இறக்கினேன். பாதி ஆழத்திலேயே அணைந்தது. ஒருவேளை கை ஆடியதால் இருக்குமோ என்று மேலே எடுத்து, மறுபடி கொளுத்தி, இன்னும் நிதானமாக இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது. வேலையில் நான் அஜாக்கிரதை என்று யாரும் சொல்லமுடியாது.

அவன் மண்வெட்டியோடு வந்தான். "மெழுவத்தி வுட்டுப் பாத்தியா மச்சான்?" என்று கேட்டான்.

"பாத்தேன். நல்லாத்தான் எரியுது."

டப்பாவும் தீப்பெட்டியும் அவன் காலடியிலேயே இருந்தன சார். இதை நீங்கள் கவனிக்கவேண்டும். நான் மறைத்து வைக்கவில்லை. அவன் குனிந்து எடுத்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்கமாட்டேன். என்னைப் பொய்யன் என்று சொன்னவன் எடுத்துத்தானே பார்க்கவேண்டும்? நான் காத்திருந்தேன். அவன் லுங்கியை மடித்துக் கட்டினான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நீ சொன்னா சரி" என்றான்.

ரவிச்சந்திரன் சார் போன பிறகு அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கியதுகூட உண்மை. கயிற்றை இடுப்பில் கட்டவேண்டும் என்று ஒரு விதி உண்டு. மெழுகுவத்தி எரிந்தால் அவன் கயிற்றைக் கண்டுகொள்வதில்லை. ஏணியில் இறங்கிப்போனான். இரண்டு தரம் மண்வெட்டி சக்கையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவன் ரொம்பச் சிரமப்படவில்லை. நான் அங்கேயேதான் நின்றேன். போதும் என்று தோன்றிய பிறகு கத்தினேன்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். குமார் ஏணியில் காலை வைத்துவிட்டான். நான்தான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். "எறங்காத, உள்ள காத்து இல்ல, நீயும் பூடுவ" என்று கத்தினேன். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தயாராக நின்றார்கள், அவர்களையும் நான்தான் தடுத்தேன். நான் இல்லையென்றால் அன்றைக்கு எத்தனை சாவு விழுந்திருக்கும் என்று ராகவன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஆட்களைத் தடுக்கத் தெரியாதவன் என்று சொன்னானே பெஞ்சமின், அவன் அதைப் பார்த்திருக்கவேண்டும்.

இப்படியே விட்டிருந்தால் நான் உங்களைத் தேடி வந்திருக்கவே மாட்டேன். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மெழுகுவத்தி விட்டுப் பார்க்காமல் அஜாக்கிரதையாக இறங்கினான் என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஜாய்ஸ் என் தோளில் சாய்ந்துகொண்டு அதையேதான் கேட்டாள். "அவரு பாக்காம எறங்கவே மாட்டாரேண்ணா. அன்னிக்கு மட்டும் ஏன் பாக்கல?" அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன், வேறென்ன செய்வது. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன் என்னைக் கேட்டதும், நான் சொன்னதும், அதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டதும் யாருக்குமே தெரியாமல் போய்விட்டதே என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

அதனால் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பெஞ்சமின் அஜாக்கிரதையாக இறங்கவில்லை. என்னைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினான். மெழுகுவத்தி இரண்டு தடவையும் அணைந்தது. எரிகிறது என்று நான் பொய் சொன்னேன், அவன் சாகவேண்டும் என்றுதான் சொன்னேன். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். ஒன்றுமட்டும் செய்யுங்கள், இதை ஜாய்ஸிடமும் வாசித்துக் காட்டுங்கள். தன் அண்ணன் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். ஊருக்கு முன்னால் என்னைப் பொய்யன் என்றவன்கூடக் கடைசியில் நான் சொன்னதை நம்பித்தான் காலை வைத்தான்.

நான் சொல்லி நம்பாதவர்கள் கிடையாது சார். ஒண்ணும் ஆவாது, போங்க என்று சொன்ன பிறகு ரவிச்சந்திரன் சார்கூட ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.